கார் ரிமோட் சாவி தகராறு செய்கிறதா? புதுசு வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போயிருந்தோம். மண்டபத்து வாசலில் சித்தி தன் கார் கைப்பிடியில் இருக்கும் கறுப்பு பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது தடவைதான் கதவு திறந்தது. “இப்படித்தாம்பா, அதுக்கா தோணினாத் திறக்கும், இல்லைன்னா நம்மளை வெயில்ல நிக்க வைக்கும். சாவிக்குள்ள இருக்கிற பேட்டரி செல்லை மூணு தடவை மாத்தியாச்சு” என்றார். ஒரு சர்வீஸ் சென்டரில் சாவியையே மாற்ற வேண்டும் என்று சொல்லி 12,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அன்று ராத்திரி சாவியைப் பிரித்துப் பார்த்தேன். செல்லின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய மெல்லிய தகட்டு நாக்கு தட்டையாகப் படுத்துக் கிடந்தது. செல் மாற்றும்போது யாரோ ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருக்கிறார்கள். ஒரு ஊசி முனையால் அந்த நாக்கை அரை மில்லிமீட்டர் தூக்கிவிட்டேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்றுவரை அந்தச் சாவி ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

எல்லாச் சாவியும் இப்படி ஊசி முனையில் சரியாகிவிடாது. ஆனால் எங்கே கோளாறு என்று தெரியாமல் யாரும் 12,000 ரூபாய் கொடுக்கக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பொறுமையும், ஒரு தாளும் பேனாவும், முடிந்தால் வோல்ட் அளக்கும் ஒரு சின்ன மல்டிமீட்டரும் போதும்.

ஒரு சாவிக்குள் மூன்று வேலைகள்

புஷ் ஸ்டார்ட் பட்டன் உள்ள கார்களில் சாவி செய்யும் வேலை மூன்று. மூன்றும் தனித்தனி வழியில் நடக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் வேலை, நீங்கள் சாவியின் பட்டனை அழுத்துவது. அழுத்தியதும் சாவி ஒரு ரேடியோ அலையை அனுப்புகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். பத்து இருபது மீட்டர் தூரத்திலிருந்தே கார் இதைக் கேட்டுவிடும்.

இரண்டாவது, சாவி பையிலேயே இருக்க, நீங்கள் கதவின் கைப்பிடியைத் தொடுவது. இங்கே முதலில் பேசுவது கார். கைப்பிடிக்குள் இருக்கும் ஆன்டெனா 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு தாழ் அலையைப் பரப்பி, ‘பக்கத்தில் என் சாவி இருக்கிறதா?’ என்று கேட்கிறது. அது எட்டுவது ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர். சாவி அதைக் கேட்டு விழித்துக்கொண்டு, 433-இல் பதில் சொல்கிறது. வண்டியைக் கிளப்பும்போதும் இதே உரையாடல் காருக்கு உள்ளே நடக்கிறது.

மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாதபடி காவல் காப்பது இதுதான். இதற்குச் செல்லே வேண்டாம். ஸ்டார்ட் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் சுருளிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். ஆனால் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் வைத்தால்தான் பேசும்.

இந்த மூன்றில் எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்பதுதான் கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தாளில் எழுதிப் பார்க்க வேண்டியவை

சாவியைப் பிரிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சாவிதான் உங்களுக்கு இருக்கும் மிகச் சிறந்த சோதனைக் கருவி. ஒரு சாவியை வைத்துச் சோதிக்கும்போது மற்றது காரை விட்டுக் குறைந்தது பத்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் இருந்தால் அது பதில் சொல்லிவிடும், உங்களுக்குத் தப்பான முடிவு கிடைக்கும்.

காரிலிருந்து ஒரு மீட்டரில் நின்று லாக், அன்லாக் இரண்டையும் பத்துத் தடவை அழுத்துங்கள். எத்தனை தடவை வேலை செய்தது என்று எழுதுங்கள். பத்து மீட்டர் தள்ளிப் போய் அதையே செய்யுங்கள். பிறகு சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டிரைவர் கதவு, பக்கத்துக் கதவு, டிக்கி என்று ஒவ்வொன்றாகக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கடைசியாக உள்ளே உட்கார்ந்து, சாவி பையில் இருக்கும்போது வண்டி கிளம்புகிறதா, சாவியை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டி வைத்தால் கிளம்புகிறதா என்று பாருங்கள்.

இரண்டு சாவியும் ஒரே மாதிரித் தகராறு செய்தால் குறை அநேகமாகச் சாவியில் இல்லை. காரிலோ, கார் நிற்கும் இடத்திலோ இருக்கிறது. ஒரு சாவி மட்டும் என்றால் அந்தச் சாவிதான். பக்கத்தில் வேலை செய்து தூரத்தில் செய்யாவிட்டால் முதல் சந்தேகம் செல்லின் மேல். சாவி பட்டன் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ஒரே ஒரு கதவின் கைப்பிடி மட்டும் பதில் சொல்லவில்லை என்றால் சாவியைத் தொடவே வேண்டாம், குறை அந்தக் கைப்பிடியில். லாக் வேலை செய்து அன்லாக் மட்டும் சண்டித்தனம் செய்தால், சாவிக்குள் இருக்கும் அந்தக் குட்டி சுவிட்ச் தேய்ந்திருக்கிறது.

இதில் இன்னொரு எளிய சோதனை உண்டு. தூரத்தில் நின்று அழுத்தும்போது கார் கேட்கவில்லை என்றால், சாவியைத் தாடைக்கு அடியில் ஒட்டி வைத்துக்கொண்டு அழுத்துங்கள். தலையில் இருக்கும் நீர்ச்சத்து அலையைக் கொஞ்சம் கூடுதல் தூரம் அனுப்ப உதவும். அப்படி வைத்தால் திறக்கிறது என்றால் சாவி சொல்வது சரியாகத்தான் இருக்கிறது, குரல்தான் பலவீனம். செல்லைப் பாருங்கள்.

டி.வி. ரிமோட்டைச் சோதிக்கிற மாதிரி மொபைல் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒளி தெரிகிறதா என்று சிலர் பார்ப்பார்கள். கார் சாவி அனுப்புவது ரேடியோ அலை, கேமராவில் எதுவும் தெரியாது. சாவியில் இருக்கும் சிவப்பு விளக்கு எரிவதையும் முழுதாக நம்ப வேண்டாம். விளக்கு எரியப் போதுமான மின்சாரம் இருந்தும் அலை போகாமல் இருக்கலாம்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்

இதை இப்போதே, வீட்டு வாசலிலேயே, ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு டோல்கேட் பக்கத்தில் நின்றுகொண்டு கற்றுக்கொள்வது கொடுமை.

இப்படிப் பையிலிருந்தே வேலை செய்யும் ஸ்மார்ட் சாவிக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி உருவினால் வந்துவிடும். டிரைவர் கதவின் கைப்பிடியில் சாவித் துவாரம் இருக்கும். சில புது மாடல்களில் அதை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். மூடியின் அடியில் இருக்கும் சிறு பிளவில் சாவி நுனியை விட்டு நெம்பினால் கழன்றுவரும். இப்படித் திறக்கும்போது சில கார்களில் அலாரம் அலறும். பதற வேண்டாம். வண்டியைக் கிளப்பியதும் நின்றுவிடும்.

கிளப்புவதற்கு மூன்றாவது வழி இருக்கிறதே, அந்தச் சிப். பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஹூண்டாயில் சாவியாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். டொயோட்டாவில் சின்னம் பதித்த பக்கத்தைப் பட்டனில் தொட வைத்து, பீப் சத்தம் வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். வேறு சில கார்களில் ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ, கப் ஹோல்டருக்குள்ளோ, கை வைக்கும் பெட்டிக்குள்ளோ சாவிப் படம் போட்ட இடம் இருக்கும். உங்கள் கார் கையேட்டில் அந்தப் பக்கத்தை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செல் முழுக்கச் செத்தாலும் இது வேலை செய்யும். இப்படிச் செய்தும் கிளம்பவில்லை என்றால் குறை சிப்பிலோ காரிலோ இருக்கிறது, செல் மாற்றிப் பயனில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

செல்: எல்லோரும் மாற்றுகிறார்கள், சரியாக மாற்றுபவர்கள் குறைவு

பெரும்பாலான ஸ்மார்ட் சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது. 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்றால் 2.5 மில்லிமீட்டர்தான். 2032 கேட்கும் சாவியில் 2025-ஐப் போட்டால் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் லூசாக இருக்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது தொடுப்பு விட்டு விட்டு வரும். ‘சில நேரம் வேலை செய்கிறது’ என்று வருகிற புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 1616, 1620, 1632 போடும் சாவிகளும் உண்டு. பழைய செல்லின் முதுகில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பாமல் கையேட்டைப் பாருங்கள், முன்னால் மாற்றியவர் தப்பாகப் போட்டிருக்கலாம்.

எல்.ஐ.ஆர். 2032 என்று ஒன்று கடையில் கிடைக்கும். பார்க்க இரட்டைப் பிறவி மாதிரி இருக்கும். அது திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் வகை, முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் வரை கொடுக்கும். 3 வோல்ட்டுக்குச் செய்த சாவியில் அதைப் போடக் கூடாது.

கடையில் மல்டிமீட்டர் இருந்தால் வாங்கும்போதே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். புது செல் 3.2 வோல்ட் பக்கத்தில் காட்டும். 3-க்குக் கீழே காட்டும் ‘புது’ செல் வருஷக்கணக்கில் அட்டையில் தொங்கியது என்று அர்த்தம். அட்டையில் காலாவதி ஆண்டும் அச்சடித்திருக்கும்.

பழைய செல்லை அளக்கும்போது ஒரு ஏமாற்று இருக்கிறது. லித்தியம் செல் கடைசிவரை 3 வோல்ட் பக்கத்திலேயே நின்றுவிட்டுக் கடைசியில் சட்டென்று சரியும். சும்மா வைத்து அளந்தால் 2.9 காட்டும், வேலை வாங்கினால் விழுந்துவிடும். அதனால் சாவிக்குள் இருக்கும்போதே மீட்டர் முனைகளை வைத்து, யாரையாவது பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அளவு 2.5-க்குக் கீழே போனால் அந்தச் செல் முடிந்துவிட்டது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அதிகாலையில் மட்டும் சாவி வேலை செய்யவில்லை, மதியம் சரியாகிவிடுகிறது என்றாலும் காரணம் இதுதான். குளிரில் சோர்ந்த செல் இன்னும் சோர்ந்துபோகும்.

இனி மாற்றும் முறை. கை கழுவித் துடைத்துக்கொண்டு, வெளிச்சமான மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து உட்காருங்கள். இரும்புச் சாவியை உருவியதும் அந்த இடத்தில் ஒரு பிளவு தெரியும். ஸ்க்ரூடிரைவர் நுனியில் டேப் சுற்றி, அந்தப் பிளவில் விட்டு மெதுவாகத் திருப்புங்கள். நெம்ப வேண்டாம், திருப்பினால் போதும். ‘டக்’ என்று ஒரு பக்கம் விடும். நகத்தால் சுற்றிவந்து மற்றப் பக்கங்களையும் விடுவியுங்கள். திறந்ததும் எதையும் தொடும் முன் ஒரு படம் எடுங்கள். கூட்டல் குறி மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது இரண்டு நிமிஷத்தில் மறந்துவிடும்.

செல்லை எடுக்க இரும்பு வேண்டாம். பல் குச்சியோ, பிளாஸ்டிக் கரண்டியின் காம்போ போதும். சித்தி சாவியில் நாக்கு மடங்கியது இந்த இடத்தில்தான். செல் வெளியே வந்ததும் கீழே தெரியும் தகட்டு நாக்குகளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அவை சர்க்யூட் பலகையிலிருந்து சற்றே எழும்பி, விரலால் லேசாகத் தொட்டால் ஸ்பிரிங் மாதிரித் திரும்பி வர வேண்டும். படுத்திருந்தால் ஊசியால் மயிரிழை அளவு தூக்குங்கள். அதிகம் தூக்கினால் ஒடிந்துவிடும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், மற்ற ஊர்களில் மொபைல் ரிப்பேர் சாமான் கடையில் கேளுங்கள்.

புது செல்லை ஓரத்தில் பிடித்து, இரண்டு முகத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். குழந்தைகள் வாயில் போடாமல் இருக்கச் சில கம்பெனிகள் செல்லின் மேல் கசப்புப் பூச்சுப் பூசுகின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பூச்சு சில சாவிகளில் தொடுப்பைத் தடுக்கும். புது செல் போட்டும் செத்தது போல் இருந்தால் ஆல்கஹால் பஞ்சால் துடைத்துப் பாருங்கள்.

கழற்றிய பழைய செல்லை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ‘தீர்ந்த’ செல்லிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். குழந்தை விழுங்கித் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பழைய செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கம்பெனியில் வராமல் பின்னால் கடையில் பொருத்திய சென்ட்ரல் லாக் ரிமோட் என்றால் கதை வேறு. அவற்றில் பல, விரல் கணு அளவிலான 12 வோல்ட் செல்லில் ஓடும், 23ஏ அல்லது 27ஏ என்று எழுதியிருக்கும். அந்த வகையில் தூரம் குறைந்தால் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியிலிருந்து தொங்கும் ஒற்றைக் கம்பியைத் தேடுங்கள். அதுதான் ஆன்டெனா. மற்ற ஒயர்களோடு சேர்த்துக் கட்டிவிட்டாலோ, இரும்பில் சுற்றிவிட்டாலோ காருக்குக் காது கேட்காது. பிரித்து நீட்டி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

செல் நன்றாக இருந்தும் சரியாகவில்லை என்றால்

பலகையை வெளியே எடுத்து, செல் உட்காரும் தகடு பலகையோடு சேரும் இடத்தை மொபைலில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே ஈயப் பற்றைச் சுற்றி முடி மாதிரி ஒரு வளையக் கோடு தெரிந்தால் பற்று விட்டிருக்கிறது. கீழே அடிக்கடி விழுந்த சாவிகளில் இது சகஜம். மொபைல் ரிப்பேர் செய்பவர் இரண்டு நிமிஷத்தில் மறுபடி பற்றவைத்துவிடுவார். பட்டன் சுவிட்சும் அப்படித்தான், அழுத்தினால் சின்னதாக ஒரு ‘கிளிக்’ கேட்க வேண்டும். கேட்காத சுவிட்ச் போய்விட்டது. சில ரூபாய்ச் சாமான்தான், ஆனால் பற்றவைக்க நிதானமான கை வேண்டும்.

சாவி பேன்ட்டோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டால், எடுத்தவுடன் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். முதல் வேலை செல்லைக் கழற்றுவது. ஈரத்தோடு மின்சாரம் ஓடும்போதுதான் பலகை அரித்துப்போகிறது. பிரித்து, ஆல்கஹாலில் கழுவி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் சோப்பும் உப்பும் பலகையை விட்டுப் போகாது.

கார் நிற்கும் இடத்தையும் சந்தேகப்படுங்கள்

வீட்டில் சரியாக வேலை செய்கிறது, ஆபீஸ் பார்க்கிங்கில் மட்டும் செய்யவில்லை என்றால் அது சாவியின் குற்றமில்லை. 433 மெகாஹெர்ட்ஸ் யாரும் தனி லைசன்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் பட்டை. ஒயர்லெஸ் காலிங்பெல், ரோலிங் ஷட்டர் ரிமோட், டயர் காற்றழுத்த சென்சார் எல்லாம் அங்கேதான் பேசுகின்றன. அதில் ஒன்று பழுதாகி விடாமல் கத்திக்கொண்டிருந்தால் சுற்றியிருக்கும் எந்தச் சாவியின் குரலும் எடுபடாது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில் 2019-இல் இப்படித்தான் நடந்தது. சில தெருக்களில் கார் சாவிகளும் கராஜ் கதவு ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்ததில், ஒருவர் தன் வீட்டு அடித்தளத்தில் வேலை செய்யும்போது மேலே யாராவது வந்தால் தெரிய வேண்டும் என்று தானே செய்துவைத்த கருவி 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அலை அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவருக்கு விஷயமே தெரியாது. பேட்டரியைக் கழற்றியதும் ஊரே சரியாகிவிட்டது.

உங்கள் அடுக்குமாடியில் ஒரு மூலையில் மட்டும் தகராறு என்றால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடம், “உங்க கார் சாவியும் இங்கே சரியா வேலை செய்யலையா?” என்று கேளுங்கள். அவர்களுக்கும் அப்படித்தான் என்றால் அந்த மூலையில் புதிதாக என்ன மாட்டினார்கள் என்று தேடலாம்.

தாழ் அலைக்கு வேறு எதிரிகள். சாவியும் மொபைலும் ஒரே பையில் ஒட்டிக்கொண்டிருப்பது, சாவியை லேப்டாப் பையில் போடுவது, எவர்சில்வர் டப்பாவில் வைப்பது, ஒயர்லெஸ் சார்ஜர் மேல் வைப்பது எல்லாமே ‘சாவி காணோம்’ என்ற எச்சரிக்கையைக் கொண்டுவரும். வண்டிக்குள் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டிய மலிவான சார்ஜர், டேஷ்கேம் ஒயர் இவையும் இரைச்சல் போடும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

செல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தீர்கிறதா? சாவியை வீட்டில் எங்கே மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். வாசல் சுவருக்கு அந்தப் பக்கம் கார் நின்றால், இரண்டும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கலாம். டி.வி., கம்ப்யூட்டர், மொபைல் சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றின் பக்கத்திலும் வைக்க வேண்டாம் என்று டொயோட்டா கையேடே சொல்கிறது. சமையல் மேடையில் சாவியை வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய.

காரின் பக்கம்

காரின் பெரிய பேட்டரி இறங்கியிருந்தால் எந்தச் சாவிக்கும் பதில் வராது. நிறுத்தி வைத்த காரில் அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கத்தில் காட்டும். 12-க்குக் கீழே என்றால் சாவியை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள். பல நாள் ஓட்டாமல் நின்ற காரில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கைப்பிடியைத் தொட்டதும் திறக்கும் கீலெஸ் வசதி தானாகவே பின்வாங்கிக்கொள்வதும் உண்டு.

லாக் ஆகாமல் நீளமாக பீப் அடித்தால் பெரும்பாலும் கார் உங்களிடம் ஏதோ சொல்லப் பார்க்கிறது. ஒரு கதவு சரியாக மூடவில்லை, டிக்கி லேசாகத் திறந்திருக்கிறது, வண்டி இன்னும் முழுதாக அணையாமல் ஆக்சஸரி நிலையில் இருக்கிறது, அல்லது இரண்டாவது சாவி உள்ளே அம்மாவின் கைப்பையில் இருக்கிறது.

கைப்பிடி பட்டனின் மேல் இருக்கும் ரப்பர் வெயிலில் வெடித்து உள்ளே தண்ணீர் போனால் அந்தக் கதவு மட்டும் அடம்பிடிக்கும். கைப்பிடியையோ சுவிட்சையோ தனியாக மாற்றலாம், சாவியோடு இதற்குச் சம்பந்தமில்லை.

கீலெஸ் வசதியைத் தெரியாமல் நாமே அணைத்திருக்கவும் கூடும். டொயோட்டா சாவியில் லாக்கைப் பிடித்துக்கொண்டு அன்லாக்கை இரண்டு தடவை அழுத்தினால் விளக்கு நான்கு தடவை மின்னும், செல் சேமிப்பு நிலைக்குப் போய்விடும். அப்புறம் கைப்பிடி எதற்கும் பதில் சொல்லாது. ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். சாவி குழந்தை கையில் இருந்தது என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். வேறு சில புதிய சாவிகளில் அசைவு இல்லாவிட்டால் தூங்கிவிடும் ஏற்பாடு உண்டு. எடுத்து லேசாக ஆட்டினால் விழித்துக்கொள்ளும். இது குறை கிடையாது, திருட்டுக்கு எதிரான காவல்.

எண்ணிக்கை தவறிப்போவது

ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் சாவி புதிய குறியீட்டை அனுப்புகிறது. காரும் அதே கணக்கை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறது. ஒருவர் காற்றில் பதிவு செய்து திரும்ப அனுப்பினால் திறக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கார் பக்கத்தில் இல்லாதபோது குழந்தை நூற்றுக்கணக்கில் அழுத்தி விளையாடினால் சாவியின் கணக்கு முன்னே ஓடிவிடும், கார் பின்தங்கிவிடும். கார் அருகில் நின்று அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை அழுத்தினால் பலவற்றில் கணக்கு ஒட்டிக்கொள்ளும். சிலவற்றில் அந்தச் சாவியால் வண்டியைக் கிளப்பினால் சரியாகும். இரண்டும் பலிக்கவில்லை என்றால் கையேட்டில் சொன்ன முறைப்படி செய்ய வேண்டும். இணையத்தில் வேறு மாடலுக்குச் சொன்ன முறையைப் போட்டுப் பார்க்காதீர்கள், சில கார்களில் ஏற்கெனவே பதிந்த சாவிகள் அழிந்துவிடும்.

கடைசியாகக் கடைக்குப் போகும்போது

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். “ரிமோட் சரியில்லை” என்று சொல்லாமல், “புது 2032 செல், இரண்டாவது சாவி நன்றாக இருக்கிறது, இந்தச் சாவியில் பட்டன் வேலை செய்கிறது, எந்தக் கதவிலும் கைப்பிடி வேலை செய்யவில்லை” என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு அந்தச் சாவியில் தாழ் அலை வாங்கும் சுருள் போயிருக்கிறது என்று உடனே புரியும். உங்களிடம் தேவையில்லாத வேலையும் சொல்ல மாட்டார்.

புதுச் சாவி பதிய வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள். பல கார்களில் பதியும்போது கூட இல்லாத சாவி பட்டியலிலிருந்து போய்விடும். பழைய சாவி தொலைந்து போயிருந்தால் அதை அழிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி அல்லாத சாவி மலிவாகக் கிடைக்கும், ஆனால் வாங்கும் முன் மூன்று வேலையும் செய்யுமா என்று கேளுங்கள். பட்டன் மட்டும் வேலை செய்யும் சாவிகளும் விற்கிறார்கள்.

ஒரு விஷயம் சாவி நன்றாக இருப்பவர்களுக்கும் சேர்த்து. சூரிக்கில் உள்ள இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 கம்பெனிகளின் 10 கார் மாடல்களைச் சோதித்து, வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை இரண்டு கருவிகள் மூலம் கார் வரை நீட்டிப் பத்தையும் திறந்து காட்டினார்கள். 2011-இல் அந்த ஆய்வு வெளியானது. ராத்திரி சாவியை வாசல் பக்கம் மாட்டாமல் உள் அறையில் வையுங்கள். அலை தடுக்கும் பை வாங்கினால், சாவியை அதில் போட்டு மூடிக்கொண்டு கார் பக்கத்தில் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்தப் பை வீண். கூட்டமான பார்க்கிங்கில் லாக் அழுத்தியதும் சத்தம் கேட்டதா, இண்டிகேட்டர் மின்னியதா, கண்ணாடி மடங்கியதா என்று நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சாவி சரியாகி வந்த அன்றே, கடை வாசலை விட்டு நகரும் முன், இரண்டு சாவியையும் வைத்து அந்தச் சோதனை முழுவதையும் மறுபடி செய்யுங்கள். சித்தி தன் தாளைக் கார் கையேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார், செல் மாற்றிய தேதியையும் அதிலேயே எழுதி.